வாசல் வெயிலில் ஒரு கோடு

துணிக்கடையின் உள்மேசைமேல் கொரோனா சோதனைக்கான வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை கிடக்கிறது. மூக்கைக் குடைந்த குச்சியின் எரிச்சல் கடைக்காரரின் கண்ணில் இன்னும் நீராக நிற்கிறது. ஒரு கோடு மட்டும் விழுந்தால், குறைமாதத்தில் பிறந்த பேத்தியை மருத்துவமனையில் இன்று முதன்முதலாகக் கையில் வாங்கலாம்; இரண்டு விழுந்தால் தொற்று, அந்தப் பக்கமே போகக் கூடாது. முதல் கோடு சிவப்பாக எழுந்துவிட்டது. பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தை, பேரம் படியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "முறைச்சா பயந்துடுமா மாமா? ஒண்ணுதானே இருக்கு, கிளம்புங்க," என்கிறார் வாசலுக்கு வெளியே காத்திருக்கும் மாப்பிள்ளை. தெருவில் அவருடைய வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் ஏறும் செருமலைக் கடைக்காரர் விழுங்கிக்கொள்கிறார். குழல்விளக்கை நம்பி அவர் ஒருநாளும் சாயம் பார்த்ததில்லை. முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு, பட்டையை வாசல் வெயிலில் சாய்த்துப் பிடிக்கிறார். துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஜா நிறத்தில், இழை அளவுக்கு, காலி இடத்தில் ஏதோ ஓடுகிறது. மாப்பிள்ளை தள்ளி நின்றபடியே எட்டிப் பார்க்கிறார். "அது கோடு இல்ல மாமா. வெளிச்சத்துக்கு அப்படித் தெரியுது." கறை பட்ட துணியை விற்றுத் தள்ள, இதே வாசலில் இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் கடைக்காரர். "என் சரக்கை என்கிட்டயே விக்கிறீங்களே மாப்பிள்ளை," என்று உள்ளே நகர்கிறார். குழந்தையைப் பொதிய அவரே வெட்டிவைத்த மெல்லிய பருத்தித் துணி மேசையில் இருக்கிறது. "அதையாவது குடுங்க," என்று மாப்பிள்ளை கை நீட்டுகிறார். கடைக்காரர் அதை மடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொள்கிறார். "இது நான் தொட்டது. எதிர்க்கடையில வாங்கிக்குங்க."