மேற்கே சரிந்த மனை

மனை மேற்கே சரிந்திருந்தது. மண் கொட்டி மட்டம் பண்ணாமல் குடிவர மாட்டேன் என்றார் மாமனார். செண்பகவல்லி கேட்கவில்லை. சரிவோடு சரிவாக மூன்று தளங்களாய் வீட்டை இறக்கிக் கட்டினாள்.

பால் காய்ச்சும் நாளில் மாமனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேல்தள வாசலில் நின்றார். “கிழக்க பொங்கட்டும், உள்ள வர்றேன்.”

கணவன் நைசாக அடுப்பின் மேற்குக் காலுக்கடியில் ஓர் ஓட்டுச்சில்லைச் செருகினான். அவள் அதை உருவி எறிந்தாள். “விடுங்க. அது போற பக்கம் போகட்டும்.”

பால் பொங்கி மேற்கே வழிந்தது. சின்னப் பானைதான், ஆனாலும் நிற்காமல் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருந்தது. செண்பகவல்லி அதற்கு முன்னால் இறங்கிப்போய், பள்ளத்தாக்கைப் பார்த்த கடைசிக் கதவை விரியத் திறந்துவைத்தாள்.

மேலே ஒற்றைச் செருப்பு கழலும் சத்தம் கேட்டது.