வெளிநாட்டு ருசி

"ஏண்டா தம்பி, பண்ருட்டிக்காரிக்கு எவனாவது முந்திரி வாங்கியாருவானா?"

கொளஞ்சியம்மாளுக்கு வந்த கோபத்தில் தம்பி ராஜ்கமலின் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்திருப்பாள். மூன்று வருஷம் கழித்து சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். தைலம், சோப்பு, சாக்லேட் எல்லாம் சரி. கடைசியாக வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான். உள்ளே வறுத்த முந்திரி! பிறந்தது காடாம்புலியூர் முந்திரித் தோப்பு. வாழ்க்கைப்பட்டு வந்த மஞ்சக்குப்பத்து வீட்டிலும் டப்பா டப்பாவாக அதுதான்.

"கெளம்புற அவசரத்துல கடையில கைக்கு வந்தத எடுத்துப் போட்டேங்க்கா. சும்மா ஒண்ணு தின்னு பாரு."

"கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்! நாலு மணிக்கு எனக்குப் போன்லயே வைவா பரீட்சை" என்றாள் மகள் இளமதி. அந்த வீட்டில் கூடத்து ஜன்னலோரம்தான் சிக்னல் ஒழுங்காக வரும். செல்போனை அங்கே சாய்த்து வைத்துக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இவ ஆன்லைன்ல பி.பி.ஏ. படிக்கிறாடா. உலக வியாபாரமாம். தெருமுனைக்குப் போயி கடுகு வாங்கியாடின்னா ஆயிரம் சாக்கு சொல்றா, இவ உலகத்துக்கே வியாபாரம் பண்ணப் போறாளாம்! சொல்லிட்டேன், இந்தப் பேப்பர் போச்சுன்னா படிப்பும் போச்சு. சிதம்பரத்துல அவ பெரியப்பா ஜவுளிக் கடையில போயி கல்லாவுல ஒக்கார வேண்டியதுதான்."

சொன்னாளே தவிர, மகள் பாஸாக வேண்டும் என்று காலையிலேயே பாடலீஸ்வரருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தாள். அது வேறு விஷயம்.

"என்னம்மா, ஏன் மூஞ்சி இப்பிடி இருக்குது?" என்று இளமதியைக் கேட்டான் ராஜ்கமல்.

"ப்ராஜெக்ட் மாமா. நம்ம ஊரு சரக்கு ஒண்ண வெளிநாட்டுல வித்துக் காட்டணும். என் பரங்கிப்பேட்டை ஃப்ரெண்டோட அத்தா வெளிநாட்டுல கடை வச்சிருக்காரு. அவருக்கு அனுப்பினேன். எல்லாம் வித்தும் போச்சு. ஆனா அத யூஸ் பண்ண ஒருத்தரோட கருத்தும் போட்டோவும் எங்க சாருக்கு வேணுமாம். வாங்குனவங்க யாருன்னே ஞாபகமில்லைங்கிறாரு அவரு."

"என்ன சரக்கு?"

"பாஸானா சொல்றேன்" என்று அம்மாவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள் இளமதி.

"பாத்தியா? பெத்தவகிட்டயே ரகசியம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட கொளஞ்சியம்மாள், போனால் போகிறதென்று அந்தப் பாக்கெட்டைப் பிரித்து ஒரு முந்திரியை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்றைப் போட்டாள். முகம் மாறிவிட்டது.

"டேய்! இதுதாண்டா முந்திரி!"

விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், தான் வறுத்து வைத்திருந்த டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"இதையும் தின்னு பாரு. நான் வறுத்தது. உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி, மொளகு தொண்டையில நிக்கிது. அது? வெண்ணெயாட்டம் எறங்குது."

ராஜ்கமல் இரண்டையும் மாறி மாறி மென்றான். "ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா இருக்குது?"

"ஓட்டல்ல தின்னு தின்னு ஒனக்கு நாக்கு செத்துப்போச்சு. வெளிநாட்டுக்காரன் மிஷின்ல கணக்கா வறுக்கிறான்டா. இந்தியாவுல இந்த மாதிரி முந்திரி சத்தியமா வெளையாது! நானும் நாலு டப்பா வறுத்து வச்சேன். மூணு டப்பாவ உன் மருமவ படிக்கிறேன் படிக்கிறேன்னு கொறிச்சே தீத்துட்டா."

இதற்கெல்லாம் சண்டைக்குப் பாய்ந்து வரும் இளமதி, இன்றைக்கு ஏனோ செல்போனைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குள் போனில் அவள் சார் வந்துவிட்டார்.

"இளமதி, ஒங்க ரிப்போர்ட் பாத்தேன். வித்தது சரிம்மா. யூஸ் பண்ணவங்க கருத்து எங்க? அது இல்லாம நான் எப்படிம்மா பாஸ் போடுறது?"

"சார்... அது வந்து சார்..."

மகள் தடுமாறியதும் கொளஞ்சியம்மாள் பாக்கெட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஜவுளிக் கடை என்று வாய்தான் சொன்னது, மனசு சொல்லவில்லை. பதற்றம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பாக்கெட்டின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு, சிங்கப்பூர் டாலரில் விலை போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெளிநாட்டு ஸ்டிக்கர் எது கிடைத்தாலும் உரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பது அவள் வழக்கம். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? வாய் நிறைய முந்திரியோடு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பதமாக இழுத்தாள்.

"கடைசியா கேக்குறேன்மா. கருத்து இருக்கா, இல்லையா?"

ஸ்டிக்கர் முழுசாக வந்துவிட்டது. கொளஞ்சியம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். பாக்கெட்டை மகள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

ஸ்டிக்கர் மறைத்திருந்த இடத்தில், பொங்கலுக்குக் கட்டிய பச்சைப் பட்டும் மூக்குத்தியுமாக கொளஞ்சியம்மாளே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், 'காடாம்புலியூர் கொளஞ்சியம்மா வறுத்த முந்திரி.'

இளமதி பாக்கெட்டைப் பார்த்தாள். உப்பியிருந்த அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"கருத்து இப்பதான் சார் வந்துச்சு. இந்தியாவுல இந்த மாதிரி முந்திரி சத்தியமா வெளையாதுன்னு சொல்லிட்டாங்க."

"அடடே, பிரமாதம்! அவங்க போட்டோ?"

"பாக்கெட் மேலயே இருக்கு சார்."