பியூலாவுக்கு நெய்த சேலை

"நாலு சாத்து சாத்தினா தானா போயி நிக்கப்போறா. இதுக்குப் போயி பஞ்சாயத்து வச்சிகினு இருக்கீங்களே" என்றாள் மரகதம், சேத்துப்பட்டிலிருந்து தூக்கிவந்த பையைக் கீழே வைக்காமலே.

அடுத்த ஞாயிறு ஆரணிச் சபைக்குப் பேராயர் வருகிறார். பதினைந்து வயதைத் தொட்ட பிள்ளைகள் அவர் முன் முழங்காலிட்டு, விசுவாசத்தைத் தம் வாயால் சொல்லித் திடப்படுத்தல் பெறுவார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு நற்கருணை. மரகதத்தின் தம்பி தானியேல் சபைக்குச் செயலாளர். மகள் பியூலா அன்று உடுத்துவதற்கென்றே தன் தறியில் வெள்ளைப் பட்டு நெய்து, அறுத்து மடித்தும் வைத்துவிட்டான். இப்போது அந்தப் பெண் திடப்படுத்தல் எடுக்கமாட்டேன் என்கிறாள். மரகதம் விழுந்தடித்துக்கொண்டு பஸ் ஏறியது அதனால்தான்.

"உனக்கு இன்னாடி பேஜாரு?"

"பேராயர் கேக்கறதுக்கெல்லாம் 'விசுவாசிக்கிறேன்'னு சொல்லணும் அத்தை. எனக்கு இன்னும் பாதி புரியல. புரியாததைப் புரிஞ்ச மாதிரி சொன்னா பொய்தானே?"

"நாங்கள்லாம் புரிஞ்சிகினா சொன்னோம்?"

தானியேல் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மரகதத்துக்குச் சுருக்கென்றது. செயலாளர் வீட்டுப் பெண்ணே வரிசையில் இல்லையென்றால் சபை என்ன பேசும், அப்பா கட்டிக்காத்த பேர் என்ன ஆகும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பேசுகிறவர்கள் பேசட்டும், வேண்டுமானால் பதவியை விட்டுவிடுகிறேன் என்றான்.

"தறியில ஏத்தின ஒரே பாவு நூலுல நாலு சேலை எடுக்கலாம்க்கா. புள்ளைங்களை அப்படி எடுக்க முடியாது. ஆண்டவர் ஒவ்வொண்ணுக்கும் தனிப் பாவு ஓட்டியிருக்காரு."

தம்பியிடம் தறிப்பேச்சு பேசி ஜெயிக்க முடியாது. மரகதம் அவன் மனைவி குணசுந்தரி பக்கம் திரும்பினாள். சுந்தரி வாயில்லாப் பூச்சி. கோயிலுக்கு வந்தாலும் கடைசி பெஞ்சுதான். எல்லாரும் எழுந்து நற்கருணைக்குப் போகிற நேரத்தில் பைகளையும் குடைகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை வளைப்பது சுலபம்.

"நீயாவது சொல்லு சுந்தரி. எனக்குப் பதினஞ்சு வயசுல எங்கப்பா ஒரு அறை விட்டாரு, ஜல்தியா போயி நின்னேன். இன்னா கெட்டுப்போச்சு?"

"உங்களுக்கு ஒண்ணும் கெடலை அண்ணி" என்ற சுந்தரி, கணவன் பக்கம் திரும்பி, "இப்ப விட்டுட்டா, அப்புறம் எடுக்க விடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எந்த வயசுலயும் எடுக்கலாம். மனசுதான் கணக்கு" என்றான் தானியேல்.

தாயின் மனது ஆடிவிட்டது என்று மரகதம் புரிந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சோற்றுக்கு ஒரு தரம், காபிக்கு ஒரு தரம் என்று சுந்தரியின் காதில் ஓதினாள். பலன் தெரிந்தது. சாயங்காலமானால் சுந்தரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளூர்ச் சபை ஆயர் வீட்டுக்குக் கிளம்பினாள். எதற்கு என்று கேட்டால், ஆயரிடம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மகளுக்காகத்தான் மன்றாடப் போகிறாள், பாவம் என்று நினைத்தாள் மரகதம்.

சனிக்கிழமை காலையில் சந்தேகமே தீர்ந்துபோனது. சுந்தரி தையல் மெஷினில் வெள்ளை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மரகதம் அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் பெரிசா இருக்கே. சரி, வளர்ற பொண்ணு. லூசாவே இருக்கட்டும்."

சுந்தரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மரகதம் பார்த்ததில்லை.

ஞாயிறன்று தாயும் மகளும் விடிந்ததுமே கோயிலுக்குப் போய்விட்டார்கள். வரிசையில் நிற்பவர்கள் முன்னதாகவே போகவேண்டும் என்பது மரகதத்துக்குத் தெரியாதா என்ன? நிதானமாகத் தலைவாரி, பூ வைத்து, தம்பியோடு கிளம்பினாள். வழியில், "பார்த்தியா, கண்டிக்கவும் ஒரு ஆளு வேணும்டா" என்றாள். அவன் கோயில் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தான். கண்கள் மட்டும் என்னவோ போலிருந்தன.

கோயில் நிரம்பியிருந்தது. மரகதத்துக்கு நடுவில்தான் இடம் கிடைத்தது. பாட்டு முடிந்ததும் வெள்ளை உடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேராயர் முன் நடந்தார்கள். கடைசியாக அந்தப் பட்டு. எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும், தம்பி கை நெசவாயிற்றே. முக்காடிட்ட தலை குனிந்து, மெல்ல நடந்தது. "விசுவாசிக்கிறேன்" என்ற குரல் தழுதழுத்துக் கேட்டது. புள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று மரகதம் மூக்கை உறிஞ்சினாள். சுந்தரி பார்க்கிறாளா என்று கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே, அம்மாவின் பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பியூலா.

மரகதம் எழுந்து ஆட்களை இடித்துக்கொண்டு பின்னால் போனாள். "நீ இங்க குந்திகினு இருந்தா, அங்க முட்டி போட்டிருக்கறது யாருடி?"

"அம்மா" என்றாள் பியூலா, கண்ணைத் துடைக்காமலே. "அவங்களுக்குப் பதினஞ்சு வயசுல, அவங்கப்பா, சந்தவாசல் தாத்தா, புளிய மிளாறால அடிச்சு வரிசையில நிக்க வச்சாராம் அத்தை. அவங்க 'விசுவாசிக்கிறேன்'னு சொல்லவே இல்லியாம், திடப்படுத்தலும் கெடைக்கல. அன்னிக்கு மூடின வாயி. கட்டிக்கினு வந்த நாள்லருந்து அப்பா ஒருதரம்கூட 'திடப்படுத்தலுக்கு வா'ன்னு கட்டாயப்படுத்தலியாம். அதான் இப்ப அவங்களே போயிருக்காங்க."