கவிழ்த்த தட்டு

"கோதண்டம் சார், நாளைக்கு கேம் ரிலீஸு. உங்க குள்ளர் கிராமத்துல ஒரு தப்பு இருக்குது," என்றாள் ரெஜினா.

கோரமங்களாவில் ஒரு கம்ப்யூட்டர் கேம் கம்பெனி. கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த மாய உலகத்துக்குச் சாமி, சடங்கெல்லாம் எழுதுவது கோதண்டத்தின் வேலை.

"என்னம்மா தப்பு?"

"புருஷன் சுரங்கத்துல எறங்கினதும் பொண்டாட்டி அவன் சோத்துத் தட்டைக் கவுத்து வெக்கணும், ஏறி வந்ததும் நிமித்தணும். அதானே நீங்க எழுதின சடங்கு? எல்லா வீட்லயும் சரியா நடக்குது. கடைசி வீட்ல மட்டும் தட்டு கவுந்தே கெடக்குது. கேம்ல நூறு நாள் ஓட்டிப் பாத்துட்டேன்."

"அது அப்படியே இருக்கட்டும்."

"மேனேஜர் என்னைத்தான் திட்டுவாரு சார். அந்த வீட்டுக்காரன் எப்பதான் ஏறி வருவான்?"

கோதண்டம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எண்பத்தஞ்சாம் வருஷம் காலை ஷிப்டுக்கு எறங்கினாரு."

"யாரு சார்?"

"எங்கப்பா. ஊர்ல அம்மா இன்னும் அந்தத் தட்டை யாரையும் தொட விடல."

ரெஜினா தன் பிழைப் பட்டியலைத் திறந்து, கடைசி வீட்டுக்கு நேரே 'சரியாக இருக்கிறது' என்று எழுதினாள்.