கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

லோரெட்டா கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால், இருட்டறையில் மிட்டாய் கொறித்துக்கொண்டிருந்த விளம்பர நிறுவன முதலாளி குரூகர் சிரித்தார். "அழகு பார்க்கறாங்க. நாம உக்காந்திருக்கறது தெரியாம." அந்தப் பக்கத்தில் அது வெறும் கண்ணாடி, இந்தப் பக்கத்தில் ஜன்னல்.

பக்கத்தில் இருந்த நொரீன் சிரிக்கவில்லை. மாதவிலக்கின்போது உடலுக்குள் வைத்துக்கொள்ளும் புது டாம்பனுக்கு அவள் எழுதிக் கொடுத்த விளம்பர வாசகங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. வெள்ளைப் பாவாடை, டென்னிஸ், குதிரைச் சவாரி, சுதந்திரம் என்று ஊரார் சொன்னதையே அவளும் சொல்லியிருந்தாள். இன்று கருத்துக் கேட்பதற்காக உள்ளே கூட்டி வைத்திருக்கும் இந்தப் பெண்களின் வாயிலிருந்து ஒரு வரி கிடைக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

உள்ளே, கூட்டத்தை நடத்தும் பெவர்லி, மில்வாக்கி நகரம் முழுக்க வீட்டுக் கதவுகளில் கம்பெனி இலவசமாக மாட்டிவிட்டுப் போன டாம்பன் பெட்டியைப் பற்றிக் கேட்டாள். ஒருத்தி நிறம் அழகு என்றாள். இன்னொருத்தி, தன் புருஷன் சாக்லேட் என்று நினைத்து அதைப் பிரித்த கதையைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

லோரெட்டா பெட்டியைத் தொடவில்லை. எத்தனை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அதைப் பிறகு பேசலாம், போட்டபோது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் என்றாள் பெவர்லி.

"நான் போட்டதில்லைங்க. என் பொண்ணு டெப்ரா போட்டா." லோரெட்டா கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகவே பேசினாள். "'அம்மா, போட்டிருக்கறதே மறந்துபோச்சு'ன்னா."

நொரீனின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. போட்டிருப்பதே மறந்துபோகும்.

"பார்த்தியா," என்றார் குரூகர். "நீ மாசக்கணக்கா முக்கினதை அந்தம்மா ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க." அத்தோடு விடவில்லை. நடிகைகள் வேண்டாம், நிஜமான அம்மாவும் மகளும் டிவியில் வந்து சொன்னால் நாடே நம்பும் என்றார். நொரீன் ஒரு சீட்டு எழுதி உள்ளே அனுப்பினாள்.

படித்ததும் பெவர்லியின் முகம் மலர்ந்தது. "உங்க பொண்ணை ஒரு நாள் கூட்டிட்டு வர்றீங்களா? ரெண்டு பேரையும் டிவியில போடணுமாம்."

"யாருக்கு வேணுமாம்?"

பெவர்லி சீட்டை மடித்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருப்பதை அவள் சொல்லக் கூடாது.

லோரெட்டா எழுந்து கண்ணாடியருகே வந்தாள். நெற்றியை அதில் வைத்து, கண்களின் இருபுறமும் கைகளால் வெளிச்சத்தை மறைத்து, உள்ளே பார்த்தாள். நொரீன் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். குரூகர் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"டாம்பன் கம்பெனிக்கு எத்தனையோ தடவை போன் பண்ணிட்டேன். யாரும் பேசல. இங்க சின்ன வயசுக்காரங்களைத்தான் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சு, வயசைக் குறைச்சுச் சொல்லி வந்தேன்." குரல் உயரவில்லை. "டெப்ரா நிஜமாவே மறந்துட்டா. அதனால உடம்புல விஷம் ஏறிக் காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஞாபகம் வரல."

அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது.

"கடைசியில அதை எடுத்தது ஆஸ்பத்திரி டாக்டர்தான். அவ உயிர் போனப்புறம்."