கார்த்தியாயினி அம்மாள் சொன்ன பொய்

திருவனந்தபுரத்து ஃபார்மசி கல்லூரிக்கு அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் நோயாளி வந்தது. மாணவர்கள் கேள்வியைத் தட்டினால் திரையில் நோயாளியின் பதில் வரும். அதைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

ஷாலுவுக்கு வந்தது கார்த்தியாயினி அம்மாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வாங்கும் இதய நோயாளி.

“வேற மருந்து சாப்பிடுறீங்களா?”

“இல்ல மக்களே.”

ஷாலுவுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. “முட்டுவலிக்குக்கூட ஒண்ணும் இல்லையாம்மா?”

திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பதில் வந்தது. “பக்கத்து வீட்டுக்காரி தந்த வலி மாத்திரை தின்னுறேன். நீ ஏசுவேன்னு சொல்லல்ல.”

ஷாலு பதறிவிட்டாள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து.

“சாரே, கம்ப்யூட்டர் கள்ளம் பறையுது!”

“நோயாளிங்க பொய் சொல்லத்தானே செய்வாங்க” என்றார் ஆசிரியர் சத்தியதாஸ்.

“எந்த ஊரு புரோகிராம் சார் இது? அமெரிக்காவா?”

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் சுமி உட்கார்ந்திருந்தாள். தொண்டை ஆபரேஷனில் குரல் போய், படிப்பை நிறுத்திவிட்டுப் போன வகுப்புத் தோழி.

“நீயாடீ அந்த அம்மா? இப்படிப் பேச எங்கடீ படிச்சே?”

சுமி தட்டினாள்: “மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தேன்லா. என்னால பேச முடியாதுன்னு தெரிஞ்சதும், டாக்டர்ட்ட மறைச்சதையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரங்க எங்கிட்ட சொன்னாங்க.”

ஷாலு அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். சுமி மெல்ல விலகி, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள்.

“அடுத்த ஆளை வரச் சொல்லுடீ. இப்ப நான் ஒளிச்சுப் பீடி வலிக்கிற ஆஸ்துமாக்காரன்.”