கண்ணில் பட்டதே கணக்கு

அறுப்பு மெஷினுக்கு முன்னால் பைக்கில் வழிகாட்டிக்கொண்டு குமாரதாஸே வந்தார். கொட்டாரம் பக்கத்தில் எந்த வயல்காரரும் தன் வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்யும் பாட்டக்காரிக்காக இப்படி வெயிலில் வந்து நின்றதில்லை.

"மழை வருதுன்னு டிவியில சொல்லுகான். மெஷினு நாளைக்கித் திருநெல்வேலிக்குப் போயிரும். வாடகையை நான் பாத்துக்கிடுதேன். நீ சாக்கை எடுத்துக்கிட்டு வா, நேசபாய்."

நேசபாய் தயங்கினாள். கும்பப்பூ போகத்து நெல் பழுத்துத் தலைசாய்ந்துதான் நின்றது. ஆனால் அடுத்த வாரம் கணக்கெடுப்புக்கு வருகிறார்கள். அதுவரை கதிரோடு நிற்கட்டும் என்றுதான் அவள் அறுப்பைத் தள்ளிப்போட்டிருந்தாள்.

கணவன் செத்த வருஷத்திலிருந்து அவள்தான் அந்த வயலை உழுது நட்டு அறுக்கிறாள். பாட்டம் வாய்ப்பேச்சுதான், துண்டுச் சீட்டுகூட இல்லை. வெள்ளத்தில் பயிர் அழுகியபோது நிவாரணம் வயல்காரர் பெயருக்குப் போனது. பயிர்க்கடன் கேட்டுப் போனால், நீ யார் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு முதல்முறையாக ஒரு பதில் கிடைக்க இருந்தது. ஆறு நாடுகளில் விவசாயக் கணக்கை ஒரே மாதிரி, பொய் கலக்காமல் எடுப்பதற்கென்று ஒரு திட்டம் வந்திருந்தது. வயல் யாருடையதாக இருந்தாலும், 'இதில் பயிர் செய்வது யார்?' என்று அதில் தனியாக ஒரு கேள்வி. அதில் பெயர் ஏறிவிட்டால் அப்புறம் ஒருத்தரும் அவளை வரப்பை விட்டு இறக்க முடியாது. அந்த ஒரு கேள்விக்காகவே அவள் மகள் ஸ்மைலின், அந்த வீட்டின் முதல் பட்டதாரி, கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்திருந்தாள்.

நேசபாய் மகளுக்கு ஃபோன் போட்டு, குமாரதாஸும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். ஸ்மைலின் நாகர்கோவிலில் பயிற்சியில் இருந்தாள். அறுத்தாலும் ஒன்றுமில்லை, அறுத்த நெல்லின் அடித்தாள் நின்றால் போதும், அதைப் படம் பிடித்தே அறுவடை முடிந்த வயல் என்று கணக்கெடுக்கும் டேப்லெட் சொல்லிவிடும் என்றாள்.

"அம்புட்டு புத்தியா அதுக்கு?" என்று குமாரதாஸ் வியந்தார். "அப்போ நம்ம வாய்ச்சொல்லு ஒண்ணும் வேண்டாமா மக்களே?"

"வேண்டாம் மாமா. வாய்ச்சொல்லை நம்பித்தானே இவ்வளவு காலமும் எங்க அம்மை நாசமாப் போனா."

குமாரதாஸ் சிரித்தார். பிள்ளை படித்த பிள்ளை என்று நேசபாயிடம் பாராட்டாகவே சொன்னார். சாயங்காலத்துக்குள் நெல் முழுக்க வீடு சேர்ந்தது. சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நேசபாய் தெருவெல்லாம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவருக்காக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

மழை வரவில்லை. திங்கட்கிழமை டிராக்டர் வந்தது. தாளை மடக்கி உழுதுவிட்டால் அழுகி அடுத்த போகமான கன்னிப்பூவுக்கு உரமாகும், அதுவும் தன் செலவுதான் என்று குமாரதாஸ் சொல்லியனுப்பியிருந்தார். நேசபாய் டிரைவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். இதை மகளிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கணக்கெடுப்பு அன்று, பிற நாடுகளிலிருந்து வந்த விருந்தாளிகள் தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வரப்பில் வரிசையாக நின்றார்கள். குமாரதாஸ் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். படம் பிடிப்பார்களே என்று நேசபாய் சபைக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தாள்.

ஸ்மைலின் வயலைப் பார்த்தாள். ஒரு தாள்கூட இல்லை, வெறும் மண். டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் வட்டம் சுற்றி நின்றது. 'தரிசு.'

தரிசில் பயிர் இல்லை. பயிர் இல்லை என்றால் பயிர் செய்பவரும் இல்லை. அவள் காத்திருந்த கேள்வி திறக்கவே இல்லை. டேப்லெட் அதைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

"போன வாரம் அறுத்த வயலு சார்," என்றாள் கூட வந்த கணக்கெடுப்பு அதிகாரியிடம். "எங்க அம்மை வச்ச பயிரு. எனக்குத் தெரியும்."

அதிகாரி விருந்தாளிகளின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் விளக்கினார்: ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும் பழைய மோசடியை எங்கள் முறை எப்படித் தடுக்கிறது, பாருங்கள். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டினார்.

"எனக்க பேரு வந்துட்டா மக்களே?" என்று கேட்டாள் நேசபாய்.

இளநீர்க் குலைக்குப் பின்னால் குமாரதாஸ் முதுகைக் காட்டி நின்று, வீட்டுமனை புரோக்கரிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

"ஆமா, தரிசுன்னு பதிஞ்சாச்சு. பாட்டக்காரின்னு இனி எவளும் வரமாட்டா. நீரு மனைக்கல்லை நடும்," என்றார். அந்தப் பக்கம் என்னவோ சந்தேகம் கேட்டிருக்கவேண்டும். அவர் சிரித்தார்.

"அவளுக்க மவளே எழுதித் தந்துட்டா வே."